பெரிய ஹீட்சிங்க் போட்டுவிட்டால் ஃபேனே வேண்டாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். இன்டெல் கோர் ஐ5-12400 போட்ட கணினி. அதே மேசையில் குரல் பதிவும் செய்கிறீர்கள், மைக்கில் ஃபேன் இரைச்சல் விழுகிறது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள, ஃபேன் இல்லாமலே வேலை செய்யும் ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் தகடுக் கட்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ப்ராசஸர் 65 வாட், ஹீட்சிங்க்கும் 65 வாட் தாங்கும் என்கிறார்கள். அப்படியே மாட்டிவிடலாமா, கேபினெட்டையும் மாற்ற வேண்டுமா?

மாட்டலாம், உங்கள் வேலைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் நீங்கள் முழுக் கவனத்தையும் ஹீட்சிங்க்கின் மேல் வைத்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இந்த விஷயம் தேறுவதும் தோற்பதும் வேறு இரண்டு இடங்களில்: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) நீங்கள் வைக்கும் வாட் வரம்பு, கேபினெட்டுக்குள் சூடான காற்று மேலேறி வெளியே போக இருக்கும் வழி. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான ஹீட்சிங்க்கூடப் போதும். இரண்டும் தவறினால் எத்தனை கிலோ உலோகத்தை மாட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கணினி திணறும்.

ஹீட்சிங்க் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. ப்ராசஸரிடமிருந்து வாங்கிக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். எனவே எவ்வளவு காற்று வேண்டும் என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 1.15 ஜூல் பிடிக்கும். 65 வாட் என்றால் நொடிக்கு 65 ஜூல். தகடுகளுக்கு நடுவே நுழையும் காற்று 15 டிகிரி சூடேறி வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடியும் நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான புதுக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று, எதிரே தடை இல்லாவிட்டால், இதைப்போல் ஐந்தாறு மடங்கு காற்றை அனாயாசமாகத் தள்ளும். ஃபேன் இல்லாதபோது இந்த நாலு லிட்டரைத் தள்ளுவது யார்? சூடான காற்று லேசாகி மேலே போகிறது, காலியான இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பள்ளியில் படித்த வெப்பச்சலனம்தான்.

அந்தத் தள்ளுவிசை எவ்வளவு என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து கேபினெட்டைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 15 செ.மீ. உயரமுள்ள தகடுகளுக்கு நடுவே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சராசரியாக 20 டிகிரி சூடாக இருந்தால், மேலே இழுக்கும் அழுத்தம் சுமார் 0.1 பாஸ்கல். தண்ணீர்க் கணக்கில் சொன்னால் நூறில் ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். நீங்கள் எழுதும் தாளின் தடிமனே அதைப்போல் பத்து மடங்கு இருக்கும். ஒரு 120 மி.மீ. ஃபேன் தரக்கூடிய அழுத்தமோ 15 முதல் 20 பாஸ்கல். இருநூறு மடங்கு வித்தியாசம். ஃபேன் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் ஒரு தூசி வலை, ஒரு கேபிள் கட்டு, துளைகள் நெருக்கமான ஒரு தகரம், எல்லாமே இந்த 0.1 பாஸ்கலுக்குச் சுவர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

முதலில் புரிவது, ஃபேனோடு வரும் சாதாரண டவர் (கோபுரம்போல உயர்ந்த) ஹீட்சிங்க்கில் ஃபேனைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஏன் எடுபடுவதில்லை என்பது. அதில் தகடுகள் சுமார் 2 மி.மீ. இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். காற்று எந்தத் தகட்டை ஒட்டிப் போனாலும் அதன்மேல் ஒரு சூடான படலம் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். இரண்டு தகடுகள் மிக நெருங்கி இருந்தால் இரு பக்கத்துப் படலங்களும் நடுவில் முட்டிக்கொள்ளும், பிறகு அந்த இடுக்கில் காற்று நகரவே யோசிக்கும். தகடுகளை விலக்கி வைத்தால் காற்று தாராளமாகப் போகும், ஆனால் அதே இடத்தில் தகடுகளின் எண்ணிக்கை குறைந்து பரப்பு போய்விடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. எலன்பாஸ் என்ற ஆய்வாளர் 1942-இல் செங்குத்தான இணைத்தகடுகளுக்கு நடுவே காற்று எப்படி ஓடுகிறது என்று அளந்தார். பார்-கோஹனும் ரோசனோவும் 1984-இல் அதிலிருந்து உகந்த இடைவெளிக்கான சூத்திரத்தைத் தந்தார்கள். 15 செ.மீ. உயரத் தகடு, காற்றைவிட 40 டிகிரி சூடு என்று அதில் போட்டால் விடை 7 மி.மீ. சொச்சம் வருகிறது. ஃபேன் இல்லாமல் ஓடவென்றே செய்த ஹீட்சிங்க்கைப் பார்த்தால் ‘என்ன இது, பாதித் தகடுகளைப் பிடுங்கிவிட்டார்களா’ என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். தகடுகள் குறைவு என்பதால் ஒவ்வொன்றும் அதிக வெப்பத்தைக் கடைசி முனைவரை கொண்டுபோக வேண்டும், அதனால் தடிமனாகவும் இருக்கும்.

பரப்புக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். இயற்கையாக ஓடும் காற்று ஒரு சதுர மீட்டரிலிருந்து, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஆறேழு வாட் எடுத்துப்போனால் அதிகம். தகடுகள் காற்றைவிட 35 டிகிரி சூடாக இருக்கலாம் என்று வைத்தால், 65 வாட்டை வெளியேற்ற 0.3 சதுர மீட்டர் வேண்டும். ஐந்து ஏ4 தாள்களை ஒரு பக்கம் தெரியப் பரப்பினால் வரும் அளவு. அதுவும் எல்லாத் தகடுகளும் ஒரே சூட்டில் இருந்தால்தான். உண்மையில் ஓரங்கள் குளிர்ந்தே இருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஃபேன் வைத்தால் ஒரே ஒரு தாள் பரப்பில் வேலை முடிந்துவிடும். ஃபேன் இல்லாத ஹீட்சிங்க்குகள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

2005-இல் வந்த சைத் நிஞ்சா இந்த வகையில் பலருக்கு முதல் அனுபவம். தகடுகள் விலகி இருந்ததால் அக்கால ப்ராசஸர்களில் பலரும் அதை ஃபேன் இல்லாமலே ஓட்டினார்கள். நோஃபேன் நிறுவனத்தின் சிஆர்-95சி வட்டக் கூண்டு போல இருக்கும். ஆர்க்டிக்கின் ஆல்பைன் 12 பாஸிவ் வெறும் அலுமினியக் கட்டிதான், 47 வாட்டுக்கு என்று அவர்களே நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். நாக்டுவா 2019-இல் மாதிரி ஒன்றைக் காட்டி, 2021-இல் என்எச்-பி1 என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது: 1180 கிராம், ஆறு ஹீட் பைப்புகள், மூன்று பக்கமும் 15 செ.மீ.க்கு மேல். அதை வெளியிட்டபோது ‘இத்தனை வாட் தாங்கும்’ என்று ஒற்றை எண்ணைத் தர அவர்கள் விரும்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. கேபினெட்டையும் அறை வெப்பத்தையும் தெரியாமல் அப்படி ஒரு எண்ணைச் சொல்லவே முடியாது.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். ‘கறுப்பு ஹீட்சிங்க் நன்றாகக் குளிரும்’ என்பார்கள். ஃபேன் ஓடும்போது நிறத்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஆகாது. ஃபேன் இல்லாதபோது கதிர்வீச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. 15 செ.மீ. கனசதுரத்தின் வெளிப்பரப்பு 0.135 சதுர மீட்டர். அது 60 டிகிரியிலும், சுற்றிலும் இருப்பவை 30 டிகிரியிலும் இருந்தால், அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடுப் படலம் ஏற்றிய) அலுமினியம் 25 வாட் அளவுக்குக் கதிர்வீச்சாகவே விட்டுவிடும். பளபளக்கும் நிக்கல் பூச்சு என்றால் மூன்று வாட் சுற்றி. ஆனால் இங்கே பேசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை. அனோடைஸ் செய்த பரப்பு சிவப்பாக இருந்தாலும் நீலமாக இருந்தாலும் அகச்சிவப்புக்கு ஏறக்குறைய கறுப்புதான். இன்னொன்று, தகடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பவை. ஒன்று விடும் கதிர்வீச்சை அடுத்தது வாங்கிக்கொள்ளும், வெளியே பார்க்கும் பகுதிக்கு மட்டுமே பலன். கேபினெட்டின் தகரமும் உள்ளே சூடாகத்தான் இருக்கும். ஆகவே அந்த 25 வாட் திறந்த மேசைக் கணக்கு. மூடிய பெட்டிக்குள் பாதி கிடைத்தாலே நல்லது.

ஹீட் பைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்புக் குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுச் சில துளித் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் நீராகி, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வரும். ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த காக்லர் 1942-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் குரோவர் தனியாகச் செய்து காட்டிய பிறகுதான் பரவியது. இதில்லாமல் 15 செ.மீ. தள்ளி இருக்கும் தகட்டுக்கு வெப்பத்தைக் கொண்டுசேர்க்க முடியாது.

எந்தப் பக்கம் பார்த்து மாட்டுகிறீர்கள் என்பது மிக முக்கியம். நின்ற கேபினெட்டில் மதர்போர்டு சுவர்போல நிற்கும். டவர் ஹீட்சிங்க்கின் தகடுகளும் அதற்கு இணையாக நிற்கும், எனவே காற்று மேலே போக இடம் உண்டு. ஆனால் பல டவர்களில் ஃபேன் இல்லாத இரண்டு பக்கங்களையும் தகட்டின் ஓரத்தை மடித்து மூடியிருப்பார்கள், காற்று பக்கவாட்டில் கசியக் கூடாது என்று. அந்த மூடிய பக்கம் மேலும் கீழுமாக அமைந்துவிட்டால் வெப்பச்சலனம் அடைத்துப் போகும். திறந்த பக்கம் மேலும் கீழும் வருமாறு திருப்பி மாட்ட வேண்டும். அதே டவரைப் படுத்த கேபினெட்டில் வைத்தால் தகடுகள் தட்டடுக்குபோலப் படுத்துவிடும், சூடான காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். வாங்கும் முன் படத்தைப் பார்த்து, உங்கள் கேபினெட்டில் தகடு நிற்குமா படுக்குமா என்று மனக்கண்ணில் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

இனி அந்த ‘65 வாட்’. உங்கள் ப்ராசஸருக்கு இன்டெல் இரண்டு எண்கள் தந்திருக்கிறது: அடிப்படை 65 வாட், டர்போவில், அதாவது கொஞ்ச நேரம் உச்ச வேகத்தில் ஓடும்போது, 117 வாட். முதலாவதை பிஎல்1 என்றும் இரண்டாவதை பிஎல்2 என்றும் பயாஸில் காண்பீர்கள். விதிப்படி கொஞ்ச நேரம், வழக்கமாக 28 நொடி, பிஎல்2 வரை போய்விட்டு பிஎல்1-க்கு இறங்க வேண்டும். பல மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாங்களாகவே தளர்த்திவிடுகின்றன, கேட்டால் வேகம் கூடுகிறதே என்பார்கள். ஏஎம்டியிலும் இதே கதைதான். ஏஎம்4, ஏஎம்5 என்ற அவர்களுடைய இரண்டு சாக்கெட்டுகளிலும் (ப்ராசஸர் உட்காரும் இடம்) 65 வாட் என்று எழுதிய ப்ராசஸர் 88 வாட் வரை போக அனுமதி உண்டு, அந்த வரம்புக்குப் பெயர் பிபிடி. அட்டையில் எழுதிய எண்ணை நம்பி ஹீட்சிங்க் வாங்குவதில் இருக்கும் சிக்கல் இது.

கணக்கு எளிது. ப்ராசஸர் எத்தனை வாட் இழுக்கிறதோ அதை ஹீட்சிங்க்கின் வெப்பத்தடையால் (ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி சூடேறும் என்ற அளவு) பெருக்கினால், சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி ஏறும் என்று வந்துவிடும். நல்ல, பெரிய ஃபேனில்லா ஹீட்சிங்க்குக்கு நான் வாட்டுக்கு 0.6 டிகிரி என்று போடுவேன். அறை 30 டிகிரி, கேபினெட்டுக்குள் காற்று இன்னும் 8 டிகிரி கூட, ஆக 38. அதன்மேல் 65 வாட்டுக்கு 39 டிகிரி, மொத்தம் 77. தாராளம். 117 வாட்டை விடாமல் ஓட்டினால் 70 டிகிரி ஏற வேண்டும், 108. இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு 100 டிகிரி என்பதால் அது அங்கே போகாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஆனால் நீங்கள் வாங்கிய வேகம் கையில் இருக்காது. பிஎல்1-ஐ 45 வாட்டுக்கு இறக்கினால் 38-உடன் 27, மொத்தம் 65 டிகிரி. அறை எத்தனை டிகிரி கூடினாலும் விடையும் அத்தனை டிகிரி கூடும், தள்ளுபடி கிடையாது.

இந்த 0.6 கல்லில் செதுக்கிய எண் இல்லை. ஹீட்சிங்க் சூடேற ஏறக் காற்றும் வேகமாக மேலேறும், தடை கொஞ்சம் குறையும். அதனால் குறைந்த வாட்டில் நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுச் சூடாகவும், அதிக வாட்டில் பயந்ததைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

வாட் வரம்பைக் குறைக்கச் சொன்னால் பலருக்கு மனது வராது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் முடக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ப்ராசஸரின் மின்செலவு அதன் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. உச்ச வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் வேகம் அந்த அளவுக்குக் குறையாது. குரல் பதிவுக்கும் வெட்டி ஒட்டும் வேலைக்கும் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.

அடுத்தது நேரம். என் முதல் ஃபேனில்லாக் கணினியில் நான் ஏமாந்த இடம் இது. மாட்டி முடித்ததும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் மென்பொருள்) ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டினேன். 68 டிகிரி. மகிழ்ச்சியாக மூடியைப் போட்டு, நீளமான ஒரு வீடியோவை ஏற்றுமதிக்கு விட்டுவிட்டுப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் வேலை பாதிகூட முடியவில்லை, வேகம் சரிபாதியாக இறங்கியிருந்தது. மூடியைத் திறந்து தகட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன், இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை.

காரணம் அந்த எடைதான். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடேற்ற 0.9 ஜூல் வேண்டும். 1.2 கிலோ ஹீட்சிங்க்குக்கு ஏறக்குறைய 1000 ஜூல். வாட்டுக்கு 0.6 டிகிரி தடையோடு இதைப் பெருக்கினால் 600 நொடி, அதாவது 10 நிமிடம். கடைசியில் எவ்வளவு சூடாகுமோ அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடவே 10 நிமிடம் பிடிக்கும். முழுதாக நிலைக்கு வர அரை மணி நேரம். உள்ளே காற்றும் தகரமும் சேர்ந்து சூடாவதைச் சேர்த்தால் முக்கால் மணி. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வீடியோ போடுபவர்களின் எண்களை நான் இப்போது பார்ப்பதே இல்லை.

ஆனால் இதே எடை உங்களுக்கு நன்மையும் செய்யும். 28 நொடி டர்போவை எடுத்துக்கொள்ளுங்கள். 65-க்கு மேல் கூடுதலாக 52 வாட், 28 நொடியில் ஏறக்குறைய 1450 ஜூல். ஹீட்சிங்க் அதை வாங்கிக்கொண்டு ஒன்றரை டிகிரிதான் கூடுதலாக ஏறும். சிப்புக்குள் திடீரென்று பத்துப் பதினைந்து டிகிரி எகிறும், உடனே இறங்கிவிடும். ஒரு பெரிய கோப்பைத் திறப்பது, இரைச்சல் நீக்கும் ஃபில்டரை ஒரு தடவை ஓட்டுவது போன்ற குறுகிய வேலைகளுக்கு முழு டர்போ வேகமும் கிடைக்கும். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் உங்களைப் போன்றவரின் ப்ராசஸர் சராசரியாக 20 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். அதனால்தான் தொடக்கத்திலேயே தயங்காமல் ‘மாட்டலாம்’ என்றேன்.

மறுபடி அந்த முதல் கணினிக்கு வருகிறேன். ஹீட்சிங்க் நல்லது, அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் சரி, திருகுகள் சரி. பிறகென்ன? பக்கத் தகட்டைப் பாதி திறந்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையை ஹீட்சிங்க்குக்குக் கீழே காட்டினேன். புகை தகடுகளுக்கு நடுவே அழகாக, நேராக ஏறியது. மேலே கேபினெட்டின் கூரையைத் தொட்டதும் நின்றது. அங்கே காந்தத்தால் ஒட்டும் மெல்லிய தூசி வலை ஒன்று இருந்தது. புகை அதன் அடியில் குடைபோல விரிந்து, ஓரமாக வழிந்து, மறுபடி கீழிறங்கி ஹீட்சிங்க்கின் அடிக்கே வந்தது. தான் விட்ட சூட்டையே ஹீட்சிங்க் திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருந்தது! வலையை எடுத்தேன், புகை கூரை வழியாக நேரே வெளியேறியது. அடுத்த ஒரு மணி நேரச் சோதனையில் ஏழெட்டு டிகிரி குறைவாக நின்றது. ஒரு பைசா செலவில்லை. கண்ணால் பார்க்க முடிந்த அந்த 0.1 பாஸ்கல் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் போல எந்த விளக்கப்படமும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே கேபினெட் கேள்விக்குப் பதில்: மாற்ற வேண்டுமா என்பது கூரையைப் பொறுத்தது. கூரை பெரிய துளைகளோடு திறந்திருக்க வேண்டும், அடிப்பக்கத்திலும் காற்று நுழைய இடம் வேண்டும், கால்கள் தரையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ.யாவது தூக்கி நிற்க வேண்டும். முன்புறம் எவ்வளவு கவர்ச்சியாக வலை போட்டிருந்தாலும் கூரை மூடியிருந்தால் பயனில்லை, சூடு பக்கவாட்டில் போகாது. கூரையின் மேல் எந்தப் பொருளையும் வைக்காதீர்கள். மேசைக்குக் கீழே மூடிய அலமாரியில் தள்ளாதீர்கள். முன்னும் பக்கமும் கண்ணாடி போட்ட கேபினெட் உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஐ5-12400-இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு, எஃப் என்று முடியும் மாதிரியில்தான் கிடையாது. குரல் பதிவுக்கு அது போதும். தனிக் கார்டு ப்ராசஸருக்குக் கீழே அலமாரிப் பலகைபோலக் குறுக்கே படுத்துக்கொண்டு கீழிருந்து வரும் காற்றைத் தடுக்கும், போதாததற்குத் தன் சூட்டையும் ஹீட்சிங்க்குக்குள் அனுப்பும். தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்பவர்கள், மதர்போர்டை 90 டிகிரி திருப்பி வைக்கும் கேபினெட்டைப் பார்க்கலாம். சில்வர்ஸ்டோனின் ரேவன், ஃபோர்ட்ரஸ் வரிசைகளில் சில மாதிரிகள் அப்படி வந்தன. அதில் கார்டும் நிமிர்ந்து நிற்கும், எல்லாச் சூடும் ஒரே திசையில் மேலே போகும்.

ஃபேன் போனதும் ப்ராசஸரைத் தவிர மற்றவையும் தவிக்கும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ப்ராசஸரோடு வந்த ஃபேன் கீழ்நோக்கி ஊதிக்கொண்டிருந்தபோது, சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்னழுத்தச் சீராக்கிகளுக்கும் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது கிடையாது. அவற்றின் மேல் நல்ல கனமான அலுமினியக் கட்டி உள்ள மதர்போர்டாக இருக்கட்டும். மதர்போர்டில் நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்கும் ஒரு தகடு வேண்டும். மின்பகுளிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் 10 டிகிரி கூடினால் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. வாட்டைக் குறைத்து வைப்பதால் இவை எல்லாமே சேர்ந்து பிழைக்கின்றன. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் ஒரு ஃபேன் உண்டு. குறைந்த சுமையில் அதைத் தானே நிறுத்திவைக்கும் மாதிரிகள் கிடைக்கின்றன, உங்கள் 20 வாட்டுக்கு அந்த ஃபேன் சுற்றவே வேண்டியிராது. ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் சுற்றிச் சத்தமிடுவதுதான். எல்லா ஃபேனும் நின்ற பிறகு, மதர்போர்டின் காயில்களிலிருந்து கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி முதன்முறையாகக் கேட்கலாம். அது புதிதாக வந்த பழுது இல்லை. முன்பும் இருந்தது, ஃபேன் சத்தம் மறைத்துக்கொண்டிருந்தது.

எடையைப் பொறுத்தவரை, இன்டெல்லின் பழைய சாக்கெட்டுகளுக்கு ஹீட்சிங்க் எடை 450 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பதே பரிந்துரை. நீங்கள் மாட்டப்போவது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் நின்ற பலகையிலிருந்து பக்கவாட்டில் தொங்கும். மதர்போர்டின் பின்னால் உலோகத் தகடு வைத்துத் திருகும் வகையாக இருந்தால் கவலையில்லை, பிளாஸ்டிக் ஊசிகள் என்றால் வேண்டவே வேண்டாம். கணினியை வண்டியில் ஏற்றி இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றித் தனியாக எடுத்துப்போங்கள். உயரமான ராம் தட்டுமா, முதல் ஸ்லாட் மறையுமா என்பதை அளவுநாடா வைத்தே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது: கேபினெட்டையே ஹீட்சிங்க்காக்குவது. ஸ்ட்ரீகாம், எச்டிபிளெக்ஸ் போன்றவர்கள் ஹீட் பைப்புகளைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோய், சுவரையே தடித்த அலுமினியத் தகடுகளாகச் செய்திருக்கிறார்கள். வெப்பம் பெட்டிக்குள் தங்காமல் நேரே அறைக்குப் போகிறது, மேலே சொன்ன கதிர்வீச்சும் முழுதாகக் கிடைக்கிறது. தத்துவப்படி இதுதான் சரியான தீர்வு என்று நான் நினைக்கிறேன். ஆனால் எந்த மதர்போர்டு பொருந்தும் என்பதில் கட்டுப்பாடு அதிகம், மாட்டுவதற்கும் பொறுமை வேண்டும். இருக்கும் கணினியை அமைதிப்படுத்த நினைக்கும் உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது வேறு: இதே பெரிய ஹீட்சிங்க்கை மாட்டி, கேபினெட்டின் பின்புறமோ கூரையிலோ ஒரே ஒரு 120 அல்லது 140 மி.மீ. ஃபேனை நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் கால்பங்காகிறது, சத்தமோ 15 டெசிபல் போலக் குறைகிறது. அவ்வளவு மெதுவான ஃபேன்கூட வெப்பச்சலனத்தைவிடப் பல மடங்கு அழுத்தம் தருவதால் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும், ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் காதுக்கு எட்டாது. உங்களுக்கு மட்டும் இதை முதல் யோசனையாகச் சொல்லாததற்குக் காரணம் மைக். காதுக்குக் கேட்காத மெல்லிய இரைச்சலும் பதிவை உயர்த்தும்போது மேலே வந்துவிடும், அதை வாழ்நாள் முழுக்க வடிகட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றும் சுற்றாத கணினிக்கு உங்கள் வேலையில் உண்மையான மதிப்பு இருக்கிறது. தூசி அவ்வளவாக உள்ளே இழுக்கப்படாது என்பது கூடுதல் நிம்மதி.

எனவே இந்த வரிசையில் போங்கள். ஹீட்சிங்க் வாங்கும் முன்பே, இன்றைக்கே, பயாஸில் பிஎல்1-ஐ 45 வாட்டும் பிஎல்2-ஐ 117 வாட்டும் 28 நொடியும் என்று கையால் வைத்து, ஒரு வாரம் வழக்கம்போல் வேலை பாருங்கள். குறை ஒன்றும் தெரியவில்லை என்றால் ஹீட்சிங்க்கை மாட்டுங்கள். கூரை வலையை எடுங்கள். அறை மிகவும் சூடாக இருக்கும் மதிய நேரத்தில், எல்லா மூடிகளையும் போட்டுவிட்டு, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டை ஒரு மணி நேரம் முழுதாக ஓட்டுங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் பிஎல்1-ஐ 55 ஆக்கி மறுபடி ஒரு மணி நேரம் பாருங்கள், பிறகு 65. 90-ஐத் தாண்டினால் உடனே பேஸ்ட்டை மாற்றவோ இன்னும் பெரிய ஹீட்சிங்க் தேடவோ போகாதீர்கள். முதலில் ஒரு தீக்குச்சியை அணைத்து, புகை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.